பிராக் நகரைச் சுற்றிப் பார்ப்போருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவில் எத்தனையோ தலைநகரங்கள் இருக்க, பிராகுக்கு ஏன் போக வேண்டும்?

செக் குடியரசின் தலைநகரான பிராகில், பெயரைச் சொன்னதும் கண்முன் வந்து நிற்கும் ஒற்றை அடையாளச் சின்னம் கிடையாது. பதினோராம் நூற்றாண்டின் வட்டவடிவச் சிற்றாலயம், பதினான்காம் நூற்றாண்டின் கோதிக் பாலம், பதினெட்டாம் நூற்றாண்டின் பரோக் மாளிகைகள், இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் பூவேலைப்பாடு நிறைந்த அடுக்குமாடிகள் ஆகிய அனைத்தும் நடந்தே சென்று பார்க்கக்கூடிய தொலைவுக்குள் இன்றும் மக்கள் வாழும் தெருக்களில் நிற்கின்றன என்பதுதான் இந்நகரின் தனிச்சிறப்பு. நகரின் வரலாற்று மையம் முழுவதும் 1992இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

வார்சா, டிரெஸ்டன், பெர்லின் போன்ற நகரங்கள் இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமானபோது பிராக் பெருமளவுக்குத் தப்பியது. முழுமையாகத் தப்பியது என்று சொல்வதற்கில்லை. 1945 பிப்ரவரி 14 அன்று டிரெஸ்டனுக்குப் புறப்பட்ட அமெரிக்க விமானங்களில் சில வழி தவறி பிராகின் மீது குண்டு வீசியதில் சுமார் 700 பேர் இறந்தனர். ஆற்றங்கரையில் அன்று இடிந்துபோன ஒரு வீட்டின் மனையில்தான், 1996இல் கட்டி முடிக்கப்பட்ட 'நடனமாடும் வீடு' இப்போது நிற்கிறது. இடுப்பு ஒடுங்கிய கண்ணாடிக் கோபுரம் ஒன்று பக்கத்துக் கோபுரத்தின் மேல் சாய்ந்திருப்பதைப் போன்ற அக்கட்டடத்தைப் படமெடுப்பவர்களில் பலருக்கு, அந்த மனை எப்படிக் காலியானது என்பது தெரிவதில்லை.

எத்தனை நாட்கள் ஒதுக்க வேண்டும்?

முழுமையான மூன்று நாட்கள் போதும். கோட்டைக்கும் ஆற்றின் இடக்கரைக்கும் ஒரு நாள், பழைய நகரத்துக்கும் யூதர் குடியிருப்புக்கும் ஒரு நாள், புதிய நகரத்துக்கும் விஷெஹ்ராட் குன்றுக்கும் ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளலாம். பக்கத்து ஊர் ஒன்றையும் பார்க்க விரும்பினால் நான்காவது நாள் தேவைப்படும். வியன்னாவிலிருந்து ரயிலில் சுமார் நான்கு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்பதால், சிலர் ஒரே நாளில் வந்து திரும்பும்படி திட்டமிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கூட்டம் மிகுந்த வேளையில் கூட்டம் மிகுந்த இடங்களை மட்டுமே பார்க்க நேரிடும் என்பதால், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்தப் பருவத்தில் செல்வது நல்லது?

மே மாதமும் செப்டம்பர் மாதமும் மிக ஏற்றவை. ஜூன், ஜூலையில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பது வசதிதான் என்றாலும், கூட்டமும் விடுதி வாடகையும் உச்சத்தில் இருக்கும். டிசம்பரில் பழைய நகரச் சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் சந்தை கூடுகிறது. ஆனால் அம்மாதத்தில் காலை எட்டு மணிக்கு விடிந்து மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். வெப்பநிலையும் சுழியத்தை ஒட்டியே இருக்கும். எந்தப் பருவமானாலும் தடித்த, வழுக்காத அடிப்பகுதியுள்ள காலணி கட்டாயம் வேண்டும். தெருக்கள் யாவும் சிறு சதுரக் கற்கள் பாவப்பட்டவை. மழையில் வழுக்கும், வெயிலில் பாதத்தைப் பதம் பார்க்கும்.

விசாவுக்கும் பணத்துக்கும் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்துவிட வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு அவசியம். பல நாடுகளுக்குச் செல்வதாக இருந்தால், அதிக நாட்கள் தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அதன் நாணயம் யூரோ அன்று, கொருனா. சுற்றுலாப் பயணிகள் அதிகம் வரும் கடைகளில் யூரோவையும் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் அவர்கள் கணக்கிடும் மாற்று விகிதம் நமக்குச் சாதகமாக இருக்காது. பெரும்பாலான இடங்களில் அட்டை மூலம் பணம் செலுத்தலாம் என்பதால் கட்டுக்கட்டாகப் பணம் மாற்ற வேண்டியதில்லை. பொதுக் கழிப்பறைகளுக்குப் பெரும்பாலும் கட்டணம் உண்டு. அதற்காகக் கொஞ்சம் சில்லறை கையில் இருப்பது நல்லது.

நகருக்குள் எப்படிப் பயணம் செய்வது?

வாட்ஸ்லாவ் ஹாவெல் விமான நிலையத்துக்கு மெட்ரோ இல்லை. அங்கிருந்து 59ஆம் எண் டிராலிபஸ்ஸில் ஏறி, வெலெஸ்லாவீன் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, பச்சை நிற ஏ தடத்தைப் பிடித்தால் நகர மையத்தை அடையலாம். மெட்ரோவுக்கும் டிராமுக்கும் பேருந்துக்கும் ஒரே பயணச்சீட்டுதான். தூரத்தைக் கணக்கிடாமல் நேரத்தைக் கணக்கிட்டே சீட்டு விற்கப்படுகிறது. காகிதச் சீட்டாக இருந்தால் முதல் வண்டியில் ஏறும்போதோ, மெட்ரோ வாயிலிலோ அங்குள்ள சிறிய இயந்திரத்தில் செருகி நேர முத்திரை பதித்துக்கொள்ள வேண்டும். முத்திரையில்லாத சீட்டு சீட்டே இல்லாததற்குச் சமம். நிலைய வாயில்களில் தடுப்புக் கதவு எதுவும் இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை என்று எண்ணிவிடக் கூடாது. சாதாரண உடையில் வரும் பரிசோதகர்கள் அபராதம் விதிப்பார்கள். வெளிநாட்டவர், விவரம் தெரியாதவர் என்ற சமாதானங்கள் எடுபடுவதில்லை.

மெட்ரோவின் மின்படிக்கட்டுகள் நம் ஊரில் உள்ளவற்றைவிட வேகமாக ஓடுபவை. நாமெஸ்டி மீரு நிலையத்தில் உள்ளது 87 மீட்டர் நீளமுடையது. மேலிருந்து பார்த்தால் அடி கண்ணுக்குத் தெரியாது. உடன் வரும் பெரியவர்கள் கைப்பிடியைப் பற்றிக்கொள்ளும்படி முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

பிராக் கோட்டையை எந்த வரிசையில் பார்ப்பது?

மேலிருந்து கீழாகப் பார்ப்பதே சிறந்தது. பெரும்பாலானவர்கள் சார்லஸ் பாலத்தைக் கடந்து, மேடேறி, மூச்சு வாங்கியபடி கோட்டை வாயிலுக்கு வந்து பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்கிறார்கள். அதற்கு மாறாக, காலையில் 22ஆம் எண் டிராமில் ஏறி போஹொர்ஷெலெட்ஸ் நிறுத்தத்தில் இறங்கினால் நீங்கள் குன்றின் உச்சியில் இருப்பீர்கள். அருகிலுள்ள ஸ்ட்ராஹோவ் மடத்து நூலகத்தை முதலில் பார்த்துவிட்டு, கோட்டைக்கு இறங்கி வந்து, அங்கிருந்து படிக்கட்டு வழியாக ஆற்றங்கரைக்குச் சென்றால் நாள் முழுவதும் இறக்கத்திலேயே நடக்கலாம்.

இது ஒரே கட்டடமாக உள்ள கோட்டையன்று. சுமார் 880ஆம் ஆண்டில் போர்ஷிவோய் என்ற சிற்றரசர் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு காலத்திலும் கட்டிச் சேர்க்கப்பட்ட அரண்மனைகள், ஆலயங்கள், முற்றங்கள், தோட்டங்கள் ஆகியவற்றின் தொகுப்பு. பரப்பளவு ஏறத்தாழ 70,000 சதுர மீட்டர். குடியரசுத் தலைவரின் அலுவலகமும் இதனுள்தான் இருக்கிறது. முற்றங்களில் நடந்து செல்வதற்குக் கட்டணமில்லை. பேராலயம், பழைய அரச மாளிகை, புனித ஜார்ஜ் ஆலயம், தங்கச் சந்து ஆகியவற்றுக்குச் சேர்த்து வாங்கும் சீட்டு இரண்டு நாட்களுக்குச் செல்லும்.

புனித விட்டஸ் பேராலயத்தின் பணி 1344இல் தொடங்கி 1929இல்தான் நிறைவெய்தியது. இடையில் போர்களும் பணத் தட்டுப்பாடும் குறுக்கிட்டு, சில நூற்றாண்டுகள் பாதி ஆலயமாகவே அது நின்றிருந்தது. நாம் நுழையும் மேற்கு முகப்பும் இரட்டைக் கோபுரங்களும்தான் புதியவை. பீட்டர் பார்லெர் என்ற தலைமைச் சிற்பி எழுப்பிய பழைய பகுதி உட்புறத்தில் கிழக்கே இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் இடப்பக்கத்தில் மூன்றாவதாக உள்ள சிற்றாலயத்தின் கண்ணாடிச் சன்னலை நிதானமாகப் பாருங்கள். 1931இல் ஓவியர் அல்ஃபோன்ஸ் மூஹா வரைந்தது அது. மற்றச் சன்னல்கள் வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டி உருவாக்கப்பட்டவை. இதிலோ கண்ணாடியின் மீதே வண்ணம் தீட்டப்பட்டுள்ளது. ஓரங்களில் நீலமும் பச்சையும் படர்ந்து, நடுவே பொன்னிறமும் செம்மையுமாகக் கூடுகின்றன. செலவை ஏற்றுக்கொண்ட வங்கியின் பெயரும் சன்னலின் அடிப்பகுதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. உபயதாரர் பெயரை டியூப்லைட்டில் எழுதும் வழக்கம் நமக்கு மட்டுமே உரியது என்று இனி யாரும் வருந்த வேண்டாம்.

பேராலயம் ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் வழிபாட்டுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால், பார்வையாளர்கள் நண்பகலுக்குப் பிறகே செல்ல முடியும்.

சன்னலிலிருந்து மனிதர்களை வெளியே எறிந்த இடம் என்கிறார்களே, அது எங்கே இருக்கிறது?

பழைய அரச மாளிகையில் இருக்கிறது. 62 மீட்டர் நீளமுள்ள விளாடிஸ்லாவ் மண்டபத்தைக் கடந்தால் போஹீமியா எனப்பட்ட அன்றைய செக் அரசின் பழைய அலுவலக அறைகள் வருகின்றன. மழையிலும் போட்டி நடத்துவதற்காக வீரர்கள் இம்மண்டபத்துக்குள் குதிரையோடு ஏறி வந்திருக்கிறார்கள் என்பதால், குதிரை ஏறுவதற்கென்றே அமைத்த அகலமான படிக்கட்டையும் காணலாம்.

1618 மே 23 அன்று, தங்கள் மத உரிமைகள் பறிக்கப்படுவதாகக் கொதித்த புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் அந்த அறைகளுள் ஒன்றுக்குள் புகுந்து, கத்தோலிக்கப் பேரரசரின் ஆளுநர்கள் இருவரையும் எழுத்தர் ஒருவரையும் சன்னல் வழியாகத் தூக்கி எறிந்தனர். சுமார் இருபது மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தும் மூவரும் பிழைத்துக்கொண்டனர். மரியாள் தாங்கிப் பிடித்தார் என்றது ஒரு தரப்பு. குப்பை மேட்டில் விழுந்ததால் பிழைத்தார்கள் என்றது மறு தரப்பு. ஐரோப்பாவின் நடுப்பகுதியைச் சூறையாடிய முப்பதாண்டுப் போர் இந்நிகழ்ச்சியிலிருந்தே தொடங்கியது.

இக்கதையின் தொடர்ச்சியை நகருக்குள் கால்நடையாகவே பின்தொடர முடியும் என்பதால்தான் இதை விரிவாகச் சொல்கிறேன். 1620 நவம்பரில் வெள்ளை மலை என்ற இடத்தில் நடந்த போரில் கிளர்ச்சியாளர்கள் தோற்றனர். 1621 ஜூன் 21 அன்று அவர்களின் தலைவர்கள் 27 பேர் பழைய நகரச் சதுக்கத்தில் கொல்லப்பட்டனர். நகர மன்றக் கட்டடத்தின் கிழக்குப் பக்கத்தில், மக்கள் மிதித்து நடக்கும் தரையிலேயே 27 வெண்ணிறச் சிலுவைகள் பதிக்கப்பட்டுள்ளன. அவர்களில் பன்னிரண்டு பேரின் தலைகளைச் சார்லஸ் பாலத்தின் பழைய நகரப் பக்கக் கோபுரத்தில் பத்தாண்டுகள் தொங்கவிட்டிருந்தார்கள். அறை, சதுக்கம், கோபுரம் மூன்றையும் ஒரே நாளில் இந்த வரிசையில் பார்த்தால், தனித்தனிக் காட்சிகளாக மட்டும் தெரிபவை ஒரு வரலாறாகக் கோர்வையாகும்.

சார்லஸ் பாலத்தில் கூட்டமில்லாத வேளை எது?

விடியற்காலை மட்டுமே. காலை ஒன்பது மணிக்கு மேல் இரவு வரை பாலம் திருவிழாக் கூட்டமாகவே இருக்கும்.

1342ஆம் ஆண்டின் வெள்ளம் பழைய பாலத்தை அடித்துச் சென்றதால், பேரரசர் நான்காம் சார்லஸ் 1357இல் இதற்கு அடிக்கல் நாட்டினார். அடிக்கல் நாட்டிய முகூர்த்தம் 1357ஆம் ஆண்டு, 9ஆம் நாள், 7ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிடம் என்றும், 1-3-5-7-9-7-5-3-1 என ஏறி இறங்கும் அந்த எண் வரிசைக்காகவே சோதிடர்கள் அதைக் குறித்துக் கொடுத்தார்கள் என்றும் மரபாகச் சொல்லப்படுகிறது. 16 வளைவுகளும் 516 மீட்டர் நீளமும் கொண்ட இந்தப் பாலம்தான் 1841 வரை வல்டாவா ஆற்றின் மீது நகரில் இருந்த ஒரே பாலம்.

இருபுறமும் நிற்கும் 30 சிற்பங்களில் பெரும்பாலானவை பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டிலும் வைக்கப்பட்டவை. இப்போது இருப்பவற்றுள் பல, நகல்கள். மணற்கல் அரிப்பிலிருந்து காப்பதற்காக மூலச் சிற்பங்கள் தேசிய அருங்காட்சியகத்தின் கற்சிற்பக் கூடம் முதலிய இடங்களுக்கு மாற்றப்பட்டன. பழைய நகரிலிருந்து கோட்டையை நோக்கி நடக்கும்போது வலப்பக்கம் நேபோமுக் நகரத்து யோவானின் சிலை வரும். 1393இல் அரசரின் ஆணையால் இப்பாலத்திலிருந்து ஆற்றில் எறியப்பட்ட பாதிரியார் அவர். பீடத்திலுள்ள வெண்கலப் பலகை முழுவதும் கறுத்திருக்க, மக்கள் தொட்டுத் தொட்டு வேண்டிக்கொள்ளும் பகுதிகள் மட்டும் பொன்னாக மின்னுவதைக் காணலாம்.

பலர் கவனிக்காமல் கடந்துவிடுவது சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் சிலையைத்தான். அதைச் சுற்றிப் பொன்முலாம் பூசிய எபிரேய எழுத்துகள் இருக்கும். 1696இல் மதநிந்தனைக் குற்றம் சாட்டப்பட்ட யூதர் ஒருவருக்கு விதிக்கப்பட்ட தண்டமாக அவரது செலவிலேயே பொருத்தப்பட்ட எழுத்துகள் அவை. இது யூத சமூகத்தை இழிவுபடுத்துவதற்காகச் செய்யப்பட்டது என்பதை விளக்கும் பலகை ஒன்று 2000ஆம் ஆண்டில் அருகில் வைக்கப்பட்டது.

வானியல் கடிகாரத்தைப் பார்ப்பதற்காகக் காத்திருக்க வேண்டுமா?

மணி அடிக்கும்போது நடக்கும் பொம்மை நிகழ்ச்சிக்காக என்றால், ஒருமுறை பார்த்தால் போதும். காலை ஒன்பது மணி முதல் இரவு பதினொரு மணி வரை ஒவ்வொரு மணிக்கும் எலும்புக்கூடு கயிற்றை இழுத்து மணி அடிக்க, மேலேயுள்ள இரு சன்னல்களில் திருத்தூதர்கள் பன்னிருவரும் வலம் வந்து மறைவார்கள். கடைசியில் சேவல் கூவும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் இந்தக் காட்சியைப் பார்த்து 'இவ்வளவுதானா' என்று முகம் சுளித்துக் கலைபவர்களே அதிகம். அந்தக் கூட்டத்தில் கைப்பையையும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உண்மையான அற்புதம் கடிகாரத்தின் முகப்பில்தான் இருக்கிறது. அதைக் கூட்டமில்லாத எந்த நிமிடத்திலும் பார்க்கலாம். 1410இல் கடிகாரக் கலைஞர் மிகுலாஷ், வானியல் அறிஞர் யான் ஷிண்டெல் என்பவரின் கணக்கைத் துணைக்கொண்டு செய்த இக்கடிகாரம், உலகில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வானியல் கடிகாரங்களில் மிகப் பழையது. பூமியை நடுவில் வைத்துச் சூரியனும் சந்திரனும் அதைச் சுற்றுவதாகக் கருதிய காலத்து வானம் அது. சூரிய உருவம் பொருத்திய முள், இராசி வளையத்தின் மீது நகர்ந்தபடி மூன்று வகைக் காலக் கணக்குகளை ஒரே நேரத்தில் காட்டுகிறது. ரோமன் எண்கள் நாம் அறிந்த 24 மணிக் கணக்கு. வெளி வளையத்தின் பழைய எழுத்துகள், சூரியன் மறைந்த கணத்திலிருந்து நாளை எண்ணும் பழைய செக் கணக்கு. பருவத்துக்குப் பருவம் மறைவு நேரம் மாறுவதால் அந்த வளையமும் முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டே இருக்கும். பொன்னிற வளைகோடுகளோ, சூரிய உதயம் முதல் மறைவு வரையுள்ள பொழுதைப் பன்னிரண்டாகப் பகுப்பவை. பகல்பொழுதை எட்டாகப் பகுத்து ராகு காலம் குறிக்கும் நம் பஞ்சாங்கக்காரருக்கு இந்தக் கணக்கை விளக்கவே வேண்டியதில்லை: கோடையில் அந்த 'மணி' நீளும், குளிர்காலத்தில் சுருங்கும்.

இன்னொரு கடிகாரம் இதுபோல் செய்துவிடாதபடி ஹனுஷ் என்ற கலைஞரின் கண்களைக் குருடாக்கினார்கள் என்ற கதையை வழிகாட்டிகள் சொல்வார்கள். அது கட்டுக்கதை, கடிகாரத்தைச் செய்தவர் மிகுலாஷ் என்பதற்கு ஆவணம் உண்டு. 1945 மே மாதத்தில் நடந்த சண்டையில் கடிகாரம் தீக்கிரையாகி, 1948இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. இப்போதைய மரத் திருத்தூதர்கள் அதற்குப் பின் செதுக்கப்பட்டவர்கள்.

யூதர் குடியிருப்பில் எதைத் தவறவிடக் கூடாது?

பிங்காஸ் தொழுகைக்கூடத்தைத் தவறவிடக் கூடாது. நாஜிகள் கொன்ற போஹீமிய, மொராவிய யூதர்கள் ஏறத்தாழ 80,000 பேரின் பெயர்கள் அதன் உட்சுவர்களில் கையால் எழுதப்பட்டுள்ளன. குடும்பப் பெயர் ஒரு நிறத்திலும் மற்ற விவரங்கள் வேறொரு நிறத்திலுமாக, இடைவெளியே இல்லாமல் சுவர் முழுவதும் ஓடும் வரிகள் தூரத்திலிருந்து பார்ப்பதற்கு ஒரு துணியின் நெசவாகவே தோன்றும். அருகில் சென்றதும் ஒவ்வொன்றும் ஒரு மனிதராக மாறும். மேல்தளத்தில் நாஜிகளின் டெரெசின் முகாமில் அடைக்கப்பட்ட குழந்தைகள் வரைந்த ஓவியங்கள் உள்ளன.

அதை ஒட்டியுள்ள பழைய இடுகாட்டில் பதினைந்தாம் நூற்றாண்டு முதல் 1787 வரை உடல்கள் அடக்கம் செய்யப்பட்டன. யூதர்களுக்கு வேறு நிலம் தரப்படாததால், இருந்த மண்ணின் மேலேயே மண் கொட்டி அடுக்கடுக்காகப் புதைத்தார்கள். ஆகவே சுமார் 12,000 கல்லறைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தும் நெருக்கியும் நிற்கின்றன. கற்களின் மேல் பூக்களுக்குப் பதிலாகக் கூழாங்கற்கள் வைக்கப்பட்டிருக்கும். அவற்றை எடுக்கக் கூடாது. சுமார் 1270இல் கட்டப்பட்ட 'பழைய-புதிய' தொழுகைக்கூடத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. ஆண்கள் தலையை மூடிக்கொண்டு நுழைய வேண்டும். சனிக்கிழமைகளிலும் யூதப் பண்டிகை நாட்களிலும் இவை யாவும் மூடப்பட்டிருக்கும் என்பதைப் பயணத் திட்டம் போடும்போதே கருத்தில் கொள்ளவும்.

அண்மைக்கால வரலாற்றைக் காட்டும் இடங்கள் உண்டா?

உண்டு. வென்செஸ்லாஸ் சதுக்கம் பெயருக்குத்தான் சதுக்கம். முக்கால் கிலோமீட்டர் நீளமுள்ள அகன்ற வீதி அது. அதன் மேல்முனையிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தின் முகப்புத் தூண்களை உற்றுப் பார்த்தால், 1968 ஆகஸ்டில் படையெடுத்து வந்த சோவியத் வீரர்கள் சுட்ட குண்டுகளின் தடங்கள் தெரியும். அந்த ஆக்கிரமிப்பை மக்கள் ஏற்றுக்கொண்டு அடங்கிவிடுவதைக் கண்டித்து, யான் பாலக் என்ற இருபது வயது மாணவர் 1969 ஜனவரி 16 அன்று அதே இடத்தில் தீக்குளித்தார். அருங்காட்சியகத்தின் முன்னால் நடைபாதைத் தரையிலிருந்து புடைத்தெழும் வெண்கலச் சிலுவை அவருக்கான நினைவுச்சின்னம். 1989 நவம்பரில் கம்யூனிச ஆட்சியை இரத்தம் சிந்தாமல் வீழ்த்திய மக்கள் இலட்சக்கணக்கில் திரண்டதும் இந்த வீதியில்தான்.

தமிழோடு தொடர்புடையது ஏதேனும் உண்டா?

தமிழ் இலக்கிய வரலாற்றை மேற்குலகுக்கு அறிமுகப்படுத்தியவர்களுள் முதன்மையானவரான கமில் சுவெலபில் 1927இல் பிராகில் பிறந்தவர். இங்குள்ள கீழைத்தேய ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியவர். 1968 ஆக்கிரமிப்புக்குப் பின்னர் நாட்டைவிட்டு வெளியேறினார். நீலகிரி இருளர் மொழியைப் பற்றிய அவரது ஆய்வும் குறிப்பிடத்தக்கது. தொடர்பு என்று சொல்ல முடியாத ஒற்றுமை ஒன்றும் உண்டு: தமிழ்நாட்டு அரசு முத்திரையின் 'வாய்மையே வெல்லும்' போலவே, செக் குடியரசுத் தலைவரின் கொடியில் எழுதப்பட்டுள்ள வாசகமும் 'உண்மை வெல்லும்' என்பதே.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் செக் சமையல் இறைச்சியை மையமாகக் கொண்டது. பொரித்த பாலாடைக்கட்டி எல்லா உணவகங்களிலும் இருக்கும். பூண்டு சேர்த்த உருளைக்கிழங்கு அடையும் சுவையானதுதான் என்றாலும், சில இடங்களில் பன்றிக்கொழுப்பில் சுடுவார்கள், கேட்டுக்கொள்ளவும். சூப்புகள் காய்கறியாகத் தோன்றினாலும் எலும்பு வேகவைத்த நீரில் செய்யப்பட்டிருக்கலாம். பழம் உள்ளே வைத்த மாவு உருண்டைகளை இனிப்பு என்று எண்ணி ஒதுக்காதீர்கள். அங்கே அது ஒரு முழுவேளை உணவு. 'பெஸ் மாஸா' என்றால் இறைச்சி இல்லாதது என்று பொருள். நகர மையத்தில் இந்திய உணவகங்களும் வீகன் உணவகங்களும் நிறையவே இருக்கின்றன. வாரநாட்களில் நண்பகலில் மட்டும் தரும் மதிய உணவுப் பட்டியல் மலிவானது. உள்ளூர் அலுவலர்கள் நிறைந்திருக்கும் கடையே நல்ல கடை.

தெருவெங்கும் கோலில் சுற்றிச் சுடும் சர்க்கரை தூவிய குழல் ரொட்டியை 'பழைய பிராகின் பலகாரம்' என்று விற்பார்கள். அது சுற்றுலாப் பயணிகளுக்காக அண்மையில் பரவியது. சூடாக இருந்தால் சாப்பிடலாம், பாரம்பரியம் என்று நம்ப வேண்டாம்.

எந்த ஏமாற்றுகளில் விழிப்பாக இருக்க வேண்டும்?

முதலாவது, பணமாற்றுக் கடை. கட்டணமில்லை என்று பெரிதாக எழுதியிருந்தாலும் விகிதத்தில் வெட்டிவிடுவார்கள். கையில் எவ்வளவு கொருனா தருவீர்கள் என்று கேட்டுவிட்டே பணத்தை நீட்டவும். ஏமாந்துவிட்டாலும் வழி உண்டு: 1,000 யூரோ வரையிலான பரிமாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு திரும்பச் சென்று ரத்து செய்யும் உரிமையை 2019 முதல் சட்டம் தருகிறது. தெருவில் அணுகி நல்ல விலை தருவதாகச் சொல்பவர் செல்லாத வேற்று நாட்டு நோட்டுகளைத் தந்துவிடுவார் என்பதால், அவரிடம் நின்று பேசவே வேண்டாம். ஏ.டி.எம். இயந்திரம் 'உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா' என்று கேட்டால் மறுத்து, கொருனாவிலேயே எடுக்கவும்.

அடுத்து, சதுக்கத்துக் கடைகளில் தொங்கும் விலைப்பலகை. அதிலுள்ள விலை பெரும்பாலும் 100 கிராமுக்கு உரியது. தட்டில் விழுவதோ அதைப்போல் மூன்று நான்கு மடங்காக இருக்கும். வாடகைக் காரைத் தெருவில் நிறுத்தி ஏறாமல் செயலி மூலம் அழைப்பது நல்லது.

வயதானவர்களோடும் சிறு குழந்தைகளோடும் செல்ல முடியுமா?

முடியும். மேலிருந்து கீழாக நடக்கும் வழியைக் கடைப்பிடித்தாலே பாதிச் சிரமம் குறையும். கோபுரங்களில் ஏற ஆசைப்படுபவர்களுக்குப் பழைய நகர மன்றக் கோபுரத்தில் மின்தூக்கி இருக்கிறது. பேராலயக் கோபுரத்திலும் பாலக் கோபுரத்திலும் இல்லை. குழந்தை வண்டியின் சக்கரம் பெரிதாக இருக்கட்டும். சிறிய சக்கரங்கள் கற்களுக்கிடையே சிக்கிக்கொள்ளும்.

நேரம் குறைவாக இருந்தால் எதை விட்டுவிடலாம்?

கோட்டைக்குள் உள்ள தங்கச் சந்துக்குத் தனிப்பட விரும்பிப் போக வேண்டியதில்லை. 1916-17இல் எழுத்தாளர் காஃப்கா எழுதுவதற்குப் பயன்படுத்திய 22ஆம் எண் வீடு அங்கே இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் இன்று அது ஒரு சிறிய கடை. தெருவும் தோளோடு தோள் உரசும் நெரிசல். சித்திரவதைக் கருவிகள், மெழுகுப் பொம்மைகள் என்று விளம்பரம் செய்யும் தனியார் காட்சியகங்கள் அனைத்தையும் தாராளமாகத் தவிர்க்கலாம். இந்நகரில் சீட்டு வாங்கிப் பார்ப்பவற்றைவிடச் சும்மா நடந்து பார்ப்பவையே மேலானவை என்பது என் கருத்து. மிச்சப்படும் நேரத்தில் விஷெஹ்ராட் குன்றுக்குச் செல்லுங்கள்: கட்டணமில்லை, கூட்டமில்லை, ஆறு வளையும் காட்சி முழுமையாகத் தெரியும். இசையமைப்பாளர்கள் ஸ்மெட்டானா, ட்வொர்ஷாக் இருவரின் கல்லறைகளும் மூஹாவின் கல்லறையும் அங்குள்ள இடுகாட்டில்தான் இருக்கின்றன. முதல் கேள்வியில் சொன்ன வட்டவடிவச் சிற்றாலயமும் இங்கேயே உள்ளது.

ஒரு நாளில் சென்று திரும்பக்கூடிய ஊர்கள் எவை?

குட்னா ஹோரா முதலிடம் பெறும். ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். இடைக்காலத்தில் வெள்ளிச் சுரங்கங்களால் செழித்த அவ்வூரில், சுரங்கத் தொழிலாளர்களின் காவல் புனிதையான பார்பராவுக்கு 1388இல் தொடங்கிய பேராலயம் உள்ளது. ரயில் நிலையத்துக்கு அருகிலேயே, ஏறத்தாழ 40,000 பேரின் எலும்புகளை அடுக்கி அலங்கரித்த செட்லெட்ஸ் சிற்றாலயமும் உண்டு. அங்கே படமெடுக்க அனுமதியில்லை. சிறு குழந்தைகளை அழைத்துச் செல்வதற்கு முன் யோசித்துக்கொள்ளவும்.

கார்ல்ஷ்டெய்ன் கோட்டை ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். நிலையத்திலிருந்து கோட்டை வரை ஏற்றம். உள்ளே வழிகாட்டியோடு மட்டுமே செல்ல முடியும் என்பதால் முன்பதிவு செய்துகொள்ளவும். செஸ்கி க்ரும்லோவ் அழகில் இவ்விரண்டையும் மிஞ்சும். ஆனால் போக மட்டுமே மூன்று மணி நேரம் ஆகும் ஊருக்கு ஒரே நாளில் போய்த் திரும்புவதைவிட, ஓர் இரவு அங்கேயே தங்கிவிடுவது நல்லது. மாலையில் சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிய பிறகு அந்தச் சிற்றூர் முழுவதும் தங்கியிருப்பவர்களுக்கே கிடைக்கும்.